திரும்பிச் செல்லும் வாத்துக்களும் ஏரிப்பாசனக் குடிகளும்

தை கழிந்து மாசி பிறந்ததும் ஏரிகளில் நீர் சுருங்கத் தொடங்குகிறது. நீர் சுருங்கச் சுருங்க, அதுவரை பல குட்டைகளிலும் தாங்கல்களிலும் சிதறிக் கிடந்த நீர்ப்பறவைகள் எஞ்சிய நீரைச் சுற்றி வந்து செறிகின்றன. ஜவ்வாது மலையினின்று இறங்கும் நாகநதியை அடுத்த கண்ணமங்கலம் வட்டாரத்திலும், அதற்குக் கிழக்கே ஆரணி வரையிலும் உள்ள ஏரிப்பாசனக் குடிகளுக்கு இது புதிய காட்சியன்று. அவ்வேளையில்தான் நவரைப் பயிர் கழனியில் பச்சென்று நிற்கிறது. சம்பா அறுத்த தாள் மற்றொரு புறம் காய்கிறது. மீன்பாசிக் குத்தகைதாரர் வலையோடு கரையேறுகிறார். பறவை, பயிர், மீன் ஆகிய மூன்றும் ஒரே நீரை நாடி நிற்கும் இந்த இரண்டு மாதங்களில் குடியானவர் என்ன செய்யவேண்டும் என்பதைப் பற்றித் தெளிவான அபிப்பிராயம் கிராமங்களில் உருவாகவில்லை.

இருவகைப் பேச்சுக்களே காதில் விழுகின்றன. பறவை என்றாலே பயிருக்குப் பகை, ஆகையால் ஏரியிலேயே வெடி போட்டுக் கிளப்பிவிட வேண்டும் என்பது ஒன்று. பறவையின் எச்சம் பொன்னுரம், ஆகையால் அது எங்கே மேய்ந்தாலும் வாளாவிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதற்கூற்று தன் காலில் தானே வெட்டிக்கொள்வது. இரண்டாவது, ஏரிவாய்க் கழனிக்காரரின் நஷ்டத்தைக் கண்டும் காணாததுபோல் இருப்பது. கழனியில் விரட்டலாம், ஏரியில் விரட்டலாகாது என்பதே இங்கு நிலைநாட்டப்படும் கொள்கை. அது பறவையின் இயல்பை அறிந்தால் எளிதில் விளங்கும்.

வலசை வரும் வாத்துக்களில் பலவகை உண்டு. ஆற்காட்டு ஏரிகளில் பொதுவாக இறங்குவன நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் முதலிய சிறு வாத்துக்கள். இவற்றினும் பருத்து, சாம்பல் கலந்த வெண்ணிறத்தோடு, பின்தலையில் இரண்டு கரும்பட்டைகளும், மஞ்சள் கலந்த செந்நிறக் கால்களும் அலகும் உடையது வரித்தலை வாத்து. தமிழ்நாட்டில் இதனைக் கூட்டமாகக் காண விரும்புவோர் திருநெல்வேலி ஜில்லா நாங்குனேரித் தாலூகாவிலுள்ள கூந்தன்குளத்துக்குச் செல்வது வழக்கம். கன்னட நாட்டில் கதக் ஜில்லாவைச் சேர்ந்த மாகடி ஏரியிலும், மைசூரை அடுத்த ஹதினாறு ஏரியிலும் இவை பெருந்திரளாகத் தங்குகின்றன. ஹதினாறு ஏரியில் கண்ட வாத்துக்களிற் சிலவற்றின் கழுத்தில், மங்கோலியா தேசத்தில் ஆராய்ச்சியாளர் பூட்டிய அடையாளப் பட்டைகள் இருந்தன. அத்தேசத்து ஏரிக்கரையில் முட்டையிட்டு வளர்ந்த பறவை மைசூர் நெற்கழனியில் மேய்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுவதில்லை.

பிசிராந்தையார் குமரித்துறையினின்று வடமலைக்குச் செல்லும் அன்னச் சேவலை விளித்துப் பாடிய புறநானூற்றுப் பாட்டைக் கற்றோர் அறிவர். அந்த அன்னம் இந்த வரித்தலை வாத்துத்தானா என்பதைப் புலவர்கள் வாதிடட்டும். தென்கோடியிலிருந்து இமயத்தை நோக்கி ஆண்டுதோறும் பறவை செல்கிறது என்ற செய்தி தமிழ்க் குடிகளுக்குப் பழமையானது என்பதுமட்டும் நிச்சயம்.

இப்பயணத்தின் கடுமையைச் சென்ற சில ஆண்டுகளில் விஞ்ஞானிகள் அளந்தறிந்திருக்கின்றனர். ஒரிஸ்ஸாவின் சில்கா ஏரியிலும் நமது கூந்தன்குளத்திலும் மங்கோலியாவிலும் வாத்துக்களைப் பிடித்து, விண்ணில் சுற்றும் செயற்கைக் கோள்களுக்குச் செய்தி அனுப்பும் சிறு கருவிகளை அவற்றின் முதுகில் கட்டி விட்டார்கள். அதன் முடிவுகள் 2011-லும் 2012-லும் வெளிவந்தன. இமயத்தின் தென்சரிவை ஏறி மறுபுறம் அடைய அவை ஏழெட்டு மணி நேரமே எடுத்துக்கொண்டன. பகலில் மலைச்சரிவில் மேல்நோக்கி வீசும் காற்றின் உதவியைக் கூட நாடாமல், பெரும்பாலும் இரவிலும் விடியலிலும், காற்று குளிர்ந்து கனத்திருக்கும் வேளையில் பறந்தன. பதிவான உயரங்களில் மிகுதியானது 7,290 மீட்டர், அதாவது ஏறத்தாழ 24,000 அடி. அந்த உயரத்தில் மனிதன் நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். இறக்கையடித்துப் பறக்கும் பறவைக்கு வேண்டிய பிராணவாயுவோ ஓய்ந்திருக்கும் பறவைக்கு வேண்டியதைப்போல் பன்மடங்கு. அதன் இரத்தம் மற்ற வாத்துக்களின் இரத்தத்தைக் காட்டிலும் அதிகமாகப் பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் தன்மை வாய்ந்தது.

ஆயினும் இரத்தம் மட்டும் மலையைக் கடக்கப் போதாது. வண்டிமாட்டுக்குத் தீனி வேண்டுவதுபோல இதற்கும் வேண்டும். இரண்டு அல்லது மூன்று கிலோ எடையுள்ள இப்பறவை, புறப்படுமுன்னும் வழித்தங்கல்களிலும் மேய்ந்து உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கொழுப்பே அதன் கட்டுச்சோறு. திபேத்திலும் லடாக்கிலும் மங்கோலியாவிலும் பனி உருகத் தொடங்கும் காலத்தில் அங்கே புல் இன்னும் தளிர்த்திராது. போய்ச் சேர்ந்தவுடன் நாலைந்து முட்டை இட்டு அடைகாக்க வேண்டிய பெட்டைக்கு, அந்த முட்டைக்குரிய சத்திலும் ஒரு பங்கு வழியில் தின்ற தீனியிலிருந்தே வந்தாக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வந்திறங்கும் வாத்துக்கும் மாசி பங்குனியில் திரும்பும் வாத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே. வரும்போது அதற்கு அவசரமில்லை. திரும்பும்போது, இத்தனை நாளைக்குள் இத்தனை எடை ஏறவேண்டும் என்ற நிர்ப்பந்தம் அதன் உடலிலேயே இருக்கிறது.

இனி, அது தின்னும் விதத்தையும் கவனிக்க வேண்டும். மாட்டைப்போல் அசைபோடும் வயிறு வாத்துக்கு இல்லை. தின்ற புல்லின் நாரை அதனால் அதிகம் செரிக்க முடியாது. சாற்றை உறிஞ்சிக்கொண்டு மிகுதியைச் சில நிமிஷங்களுக்கு ஒருமுறை கழித்துக்கொண்டே மேலும் மேயும். ஆகையால் அது புல் தின்னும் நாளெல்லாம் நெடுநேரம் மேய்ந்தாக வேண்டும். தானியம் கிடைத்தால் இந்தத் தொல்லை இல்லை. சிறிது நேரத்தில் வயிறு நிரம்பிவிடும். சம்பா அறுத்த கழனியில் சிந்திய நெல் அதற்குக் கிடைத்த பெருவிருந்து. அங்கே காலையும் மாலையும் மேய்ந்துவிட்டு, மிகுந்த நேரத்தை ஏரியின் திறந்த கரையிலோ நீர் நடுவிலோ ஓய்ந்து கழிக்கும். ஓய்வும் அதற்குத் தீனியில் பாதி. ஓயும் பறவைக்குத்தான் கொழுப்பு ஏறும்.

ஏரியில் வெடி போட்டால் என்ன நிகழும்? கூட்டம் கிளம்பி, வட்டமிட்டு, அடுத்த ஏரிக்குப் போகும்; அங்கும் விரட்டப்பட்டால் திரும்பிவரும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சேர்த்த கொழுப்பில் ஒரு பங்கு கரைகிறது. கரைந்ததை ஈடுசெய்ய அது முன்னிலும் அதிகமாகத் தின்றே தீரவேண்டும். ஆகவே விரட்டிய குடியானவர் பறவையின் பசியைத் தம் கையாலேயே வளர்த்துவிடுகிறார். பகலில் அமைதி இல்லாத இடத்தில் வாத்துக்கள் இரவில் மேயப் பழகிக்கொள்ளும் என்பதும் பல தேசங்களில் கண்டறிந்த உண்மை. பகலில் தாளில் மேய்ந்திருக்கக் கூடிய கூட்டம், காவலற்ற இரவில் நவரை நாற்றங்காலில் இறங்கினால் அதற்குப் பொறுப்பாளி யார்?

இது வெறும் ஊகமன்று. நார்வே தேசத்தின் வடகோடியில் வெஸ்டரோலன் என்னும் தீவுக் கூட்டம் இருக்கிறது. ஆர்க்டிக் பிரதேசத்து ஸ்வால்பார்டுக்குச் சென்று முட்டையிடும் ஒருவகை வாத்துக்கள் வசந்த காலத்தில் அங்கே சில வாரங்கள் தங்கிப் புல்வயல்களில் மேயும். மாட்டுப் பண்ணைக்காரர்களுக்கு அப்புல்லே ஜீவனம் ஆகையால் அவர்கள் விரட்டினார்கள். டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் யெஸ்பர் மாட்சன் என்பவர் இவ்வாத்துக்களைத் தொடர்ந்து கவனித்து 1995-ல் முடிவை வெளியிட்டார். அமைதியாக மேயவிடப்பட்ட வயல்களிலிருந்து சென்ற பறவைகள் வேண்டிய கொழுப்போடு சென்றன. விரட்டப்பட்ட இடங்களின் பறவைகள் மெலிந்தே சென்றன. இலையுதிர் காலத்தில் திரும்புகையில், குஞ்சுகளோடு வந்தவை பெரும்பாலும் முன்னவையே. பிற்பாடு அத்தேசத்து அரசாங்கம், வாத்துக்களை மேயவிடும் பண்ணைக்காரருக்கு மானியம் அளிக்கும் ஏற்பாட்டை 2006-ல் தொடங்கியது. ஸ்காத்லாந்தின் ஐலே தீவிலும் இதையொத்த ஏற்பாடு 1990-களிலிருந்து நடந்துவருகிறது. அங்கெல்லாம் அனுபவத்தில் கண்ட சூத்திரம் ஒன்றுதான்: ஒரிடத்தில் விரட்ட வேண்டுமானால் மற்றோரிடத்தில் நிம்மதியாக இருக்கவிட வேண்டும். எங்கும் விரட்டுவது எங்கும் விரட்டாததற்குச் சமானம். பறவை எங்கும் நிறைந்துவிடும்.

நார்வேக்காரர் புல்லைப் பற்றிக் கவலைப்படட்டும், நெல்லுக்கு என்ன வழி என்று கேட்போர் உண்டு. அவர்கள் தம் ஊர்க் கழனியையே ஒருமுறை நோக்கலாம். அறுவடையானவுடன் மேய்ச்சல் வாத்துக்காரர் நூற்றுக்கணக்கான வாத்துக்களை ஓட்டிக்கொண்டு வந்து தாளில் விடுவது ஆற்காட்டுச் சீமையில் தொன்றுதொட்ட வழக்கம். அதைக் கண்டு எந்தப் பட்டாதாரரும் அஞ்சுவதில்லை, வரவேற்கவே செய்கிறார். வாத்து சிந்திய நெல்லையும் நத்தையையும் புழுவையும் தின்று, களைவிதையைப் பொறுக்கி, சேற்றை மிதித்து, எச்சத்தை விட்டுச் செல்லும் என்று அவருக்குத் தெரியும். அதே வேலையை, ஓட்டி வருவோர் எவருமின்றி, வானிலிருந்து இறங்கிய வாத்து செய்யும்போது மட்டும் ஏன் வெடியைத் தேட வேண்டும்? நட்ட பயிரில் இறங்கினால் வீட்டு வாத்தும் கேடு செய்யும். தாளில் இறங்கினால் காட்டு வாத்தும் கேடு செய்யாது. கேடு வாத்தில் இல்லை, இடத்தில் இருக்கிறது.

சிந்திய நெல்லைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இயந்திர அறுவடை பரவியபின் கழனியில் சிந்தும் மணி கொஞ்சமன்று. அம்மணிகள் அடுத்த போகத்தில் தாமே முளைத்து, வேற்று ரக நெல்லோடு கலந்து, விதைக்கு நெல் எடுப்போருக்குத் தலைவலியாகின்றன. கலப்புக் களைவதற்குக் கூலி கொடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்து நெல் விவசாயிகள் முன்னாளில் தாளைக் கொளுத்திவந்தனர். 1991-ல் அதைக் குறைக்கச் சட்டம் வந்தபின், குளிர்காலத்தில் கழனியில் நீர் தேக்கிவைத்தார்கள். வலசை வாத்துக்கள் திரளாக இறங்கின. அவை மிதித்தும் கிளறியும் மேய்ந்த இடங்களில் தாள் விரைவாக மட்கியது. களையும் குறைந்தது என்று அங்கே நடந்த பரிசோதனைகள் காட்டின. நம்மிடத்தில் வைக்கோலும் தாளும் மாட்டுக்கு வேண்டியவை. கழனியில் நீர் தேக்க நமக்கு நீரும் இல்லை. ஆகையால் அவர்கள் முறையை அப்படியே கொண்டாட வேண்டியதில்லை. சிந்தியதைத் தின்ன விட்டால் நஷ்டமில்லை, சற்று ஆதாயமே உண்டு என்ற அளவுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

எச்சத்தின் பெருமையைப் பேசுவோர் பெரும்பாலும் வேடந்தாங்கலை மேற்கோளாகக் காட்டுகின்றனர். அந்த உதாரணம் மிக உயர்ந்தது. அங்கே பட்டாளத்துச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஏரி நீரின் வளம் குன்றும் என்று ஊரார் முறையிட, 1798-ல் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரை பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். அது 1858-ல் புதுப்பிக்கப்பட்டது. ஆனால் வேடந்தாங்கலில் நீரை உரமாக்குவன மரங்களில் கூடுகட்டி, ஆயிரக்கணக்கில் மாதக்கணக்கில் அங்கேயே குஞ்சு பொரித்து வாழும் கொக்கு, நாரை, நீர்க்காகம், கூழைக்கடா முதலியன. அவை வெளியே மீன் தின்றுவந்து ஏரியில் எச்சமிடுகின்றன. சில நாள் தங்கிப் போகும் வாத்துக் கூட்டம் அவ்வளவு உரத்தைத் தரும் என்று குடியானவரிடம் சொல்லுவது தகாது. ஒருமுறை நம்பி ஏமாந்தவர் மறுமுறை உண்மையைச் சொன்னாலும் நம்பமாட்டார். வாத்தின் எச்சம் உரம்தான். ஆயின் அதைக் கணக்கிட்டு யூரியாவைக் குறைத்துவிட முடியாது.

வேடந்தாங்கலிலிருந்து கற்கவேண்டிய பாடம் எச்சத்தில் இல்லை, ஊர்க்கட்டுப்பாட்டில் இருக்கிறது. ஓர் ஊர் முழுவதும் ஒரே சொல்லாக நின்று ஏரியில் வெடி கூடாது என்று இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்துவந்திருக்கிறது. கூந்தன்குளத்து மக்களும், சிவகங்கை ஜில்லாவின் கொள்ளுக்குடிப்பட்டி மக்களும் பறவைகளின் பொருட்டுத் தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. இவற்றுள் கூந்தன்குளம் 1994-ல் சரணாலயமாயிற்று. 2022-ல் வேடந்தாங்கலோடு அதுவும் உலகச் சிறப்புடைய ராம்சார் நீர்நிலைகளின் வரிசையில் சேர்ந்தது. அரசாங்கத்தின் பலகை பின்னால் வந்தது. ஊராரின் காவல் முன்னால் இருந்தது. சரணாலயம் என்று பெயர் பெறாத ஏரிகளே நாட்டில் பெரும்பாலானவை. வலசைப் பறவை பலகையைப் படித்து இறங்குவதில்லை. கூந்தன்குளத்திலிருந்து வடக்கே புறப்பட்ட கூட்டத்துக்கு வழியிலுள்ள எந்த ஏரியும் ஓரிரவுத் தங்கலாகலாம். அவ்வகையில் ஜவ்வாது மலையடிவாரத்துச் சிற்றேரிகளும் பெருஞ்சாலையோரத்துச் சத்திரங்கள் போன்றவை.

இனிக் கழனியில் செய்யத்தக்கவை. நவரை நாற்றங்காலை ஏரிவாயை ஒட்டியோ நீர்ப்பிடிப்பின் ஓரத்திலோ அமைப்பதைத் தவிர்த்து, ஊர்ப்பக்கத்துக் கழனியில் அமைத்தால் தொல்லையில் பாதி தீர்ந்துவிடும். நட்ட பயிர் வேர்பிடித்துத் தூர் கட்டும் வரை, அதாவது முதல் இரண்டு மூன்று வாரங்கள், தக்க காவல் போடலாம், தகரம் தட்டலாம், மினுக்கும் நாடாக்களைக் கழிகளில் கட்டலாம், மாலை மங்கியபின்னும் விடியற்காலையிலும் ஒருமுறை வரப்பைச் சுற்றி வரலாம். ஒரே பொம்மையை ஒரே இடத்தில் நட்டுவைப்பதில் பிரயோசனமில்லை. மூன்றாம் நாளே பறவை அதன் தலையில் உட்காரும். நாடாவையும் கழியையும் அவ்வப்போது இடம் மாற்றவேண்டும். கதிர் முற்றும் பங்குனியில் மறுபடியும் சில நாள் காவல் தேவைப்படலாம்.

இதற்கு ஈடாக, தாள் கழனிகளில் சிலவற்றைப் பறவைக்கு விட்டுவைக்க வேண்டும். எல்லா ஆண்டும் எல்லா ஏரியிலும் நவரைக்கு நீர் காணாது. ஆயக்கட்டில் ஒரு பகுதி எப்படியும் தரிசாகவே கிடக்கும். அந்தத் தரிசை அறுத்த கையோடு உழாமலும் கொளுத்தாமலும் பங்குனி கடைசிவரை விட்டால் போதும். கோடையுழவு நல்லதென்று இலாகா சொல்லிவருவது உண்மைதான். ஆனால் அவ்வுழவுக்கு உரிய காலம் சித்திரையில் கோடைமழை பெய்து மண் இளகிய பின்னரே. அதற்குள் வாத்து போய்விடும். ஆகவே இரண்டுக்கும் முரண் இல்லை. தரிசில் உளுந்தோ பயறோ தெளித்திருப்பவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. இளந்தளிர் வாத்துக்கு மிகப் பிரியமானது. அவர்கள் தம் கழனியை நவரைக் கழனியைப் போலவே காத்துக்கொள்ள வேண்டும். மேய்ச்சல் வாத்துக்காரரை எல்லாத் தாளிலும் விட்டுவிடாமல், ஏரியை அடுத்த சில தாக்குகளை ஒதுக்கிவைக்கச் சொல்வதும் நலம்.

ஏரியின் விஷயத்தில் பொறுப்பு பட்டாதாரரைக் காட்டிலும் கிராம அதிகாரிகளைச் சார்ந்தது. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. எவர் பொறுப்பாயினும், மீன்பாசிக் குத்தகை விடும்போது நிபந்தனை எழுதுவோர் அங்கே உண்டு. பறவையைக் கிளப்ப ஏரியில் வெடி போடுவோர் பெரும்பாலும் கழனிக்காரர் அல்லர். மீனுக்குப் பயந்த குத்தகைதாரர்களே. வரித்தலை வாத்து புல்லும் தானியமும் தின்பது. மீனை அது பொருட்படுத்துவதில்லை. நீர்க்காகத்தின் மேலுள்ள கோபத்தை வாத்தின் மேல் காட்டுவதில் நியாயமில்லை. மாசி பங்குனியில் ஏரிக்குள் வெடி கூடாது என்றும், மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தங்கும் நீரை இயந்திரம் வைத்து இறைத்து ஏரியை வெறுந்தரையாக்கி மீன் அள்ளுதல் சித்திரைக்குமுன் கூடாது என்றும் இரண்டு வரி சேர்த்தால் குத்தகைத் தொகை பெரிதும் குறைந்துவிடாது. அடிநீர் எஞ்சினால் ஆடுமாடுகளுக்கும் தண்ணீர் இருக்கும். சுற்றியுள்ள கிணறுகளும் சற்றுத் தாங்கும். கிணற்றை நம்பி மணிலா போட்டிருப்போர் இதை வாத்துக்காக அன்றித் தமக்காகவே கேட்கவேண்டும்.

கரையோரத்தில் மண்டிக்கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் சீமைக்கருவேலையும் அகற்றுவது எல்லோரும் ஒப்புக்கொண்ட வேலை. எல்லோரும் ஒத்திப்போடும் வேலையுமாம். வாத்து ஓய்வதற்குத் திறந்த கரை வேண்டும். நரி பதுங்கும் புதர் அருகிலிருந்தால் அது தங்காது. தங்காவிட்டால் கழனிக்குத்தான் போகும். குடிமராமத்து வேலை நடக்கும் ஊர்களில் இதை முதலில் செய்யலாம்.

சில இடங்களில் குருணை மருந்தை நெல்லில் கலந்து இறைப்பதாகக் கேட்கப்படுகிறது. இதை எவ்வளவு கண்டித்தாலும் தகும். வலசை வாத்துக்களைச் சுடுவதும் வலைவைப்பதும் நஞ்சிடுவதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றங்கள். அதுமட்டுமன்று. அந்த நெல்லைத் தின்பது வாத்து மட்டுமா? மயில், புறா, வீட்டுக்கோழி, ஆடு யாவும் தின்னும். செத்த பறவையைத் தின்ற நாயும் சாகும். விஷம் கலந்து பிடித்த பறவை சந்தையில் விற்கப்பட்டால் அதை வாங்கி உண்ணும் குழந்தையின் கதியை நினைத்துப்பார்க்க வேண்டும். இவ்வகை மருந்துகளுள் ஒன்றாகிய போரேட் 2020-ஆம் ஆண்டு முடிவோடு நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. பழைய இருப்பு எந்தக் கடையிலேனும் இருக்குமாயின் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

வாத்துக்களிடையே செல்லும்போது எச்சரிக்கை வேண்டிய மற்றொரு காரணம் பறவைச் சுரம். 2005-ல் சீன தேசத்தின் சிங்ஹாய் ஏரியில் இந்நோய் பரவியபோது ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் மடிந்தன; வரித்தலை வாத்துக்களே அவற்றுள் அதிகம். இமாசலப் பிரதேசத்தின் பொங் அணை நீர்த்தேக்கம் இவ்வாத்துக்கள் நம் தேசத்தில் மிகப் பெருந்தொகையாகக் கூடும் இடம். அங்கே 2020 டிசம்பர் கடைசி முதல் 2021 ஜனவரி வரை சுமார் ஐயாயிரம் பறவைகள் இறந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை இதே இனம். இதைச் சொல்லி, ஆகவே ஏரியிலிருந்து விரட்டவேண்டும் என்று வாதிப்போர் உண்டு. விரட்டினால் நோயுற்ற கூட்டம் ஓர் ஏரிக்குப் பதில் பத்து ஏரிகளில் இறங்கும். வேறு பயன் காணாது. செய்யவேண்டியது எளிது. காட்டு வாத்து தங்கும் நாட்களில் மேய்ச்சல் வாத்துக்களை அதே நீரில் விடலாகாது. இறந்து கிடக்கும் பறவையைக் கையால் தொடாமலும், சமைக்கத் துணியாமலும், கால்நடை மருந்தகத்துக்கு உடனே செய்தி சொல்ல வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் இத்தகைய செய்தியை ஒருநாளும் தாமதிக்கக் கூடாது.

கடைசியாகத் தீர்க்கவேண்டியது நஷ்டம் யாரைச் சேர்வது என்ற கேள்வி. ஏரியில் வெடி இல்லாததால் பறவை தங்குகிறது; அதன் பெருமை ஊர் முழுவதற்கும். ஆனால் நாற்று மிதிபட்டால் அழுவது ஏரிவாயில் நிலம் உள்ள நாலைந்து பட்டாதாரர்கள். அவர்களுள் அநேகர் சிறு நிலக்காரர். நார்வே அரசாங்கத்தைப்போல் மானியம் கொடுக்க இங்கே ஏற்பாடு இல்லை. வரட்டும் என்று காத்திருப்பதிலும் பயனில்லை. ஏரியின் மீன்பாசிக் குத்தகையில் ஊருக்கு வரும் பணத்தில் ஒரு சிறு பங்கை, ஏரியை அடுத்த தாளை உழாமல் விட்டவருக்கும், நாற்று சேதமடைந்து மறுநாற்று விட நேர்ந்தவருக்கும் ஒதுக்குவது நியாயம். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்துள்ள இடங்களில் சங்கக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானிக்கலாம். இல்லாத இடங்களில் கிராம சபையில் வைக்கலாம். மறுநாற்று விட ஆன செலவை இரண்டு அயல் கழனிக்காரர் பார்த்து மதிப்பிட்டால் போதுமானது. பெரிய விசாரணை எதுவும் வேண்டியதில்லை. கடைமடைக்காரர் சிலர், தமக்குப் பறவையால் தொல்லை இல்லையே, பணத்தில் ஏன் பங்கு குறையவேண்டும் என்று கேட்கக் கூடும். மடையடைத்து முறைத்தண்ணீர் விடும்போது ஏரிவாய்க்காரர் தமக்கும் கடைமடை வேண்டாம் என்று சொல்லுவதில்லையே என்பது அதற்குப் போதிய விடை.

குத்தகைக் கெடு எப்போது முடிகிறது என்று ஒவ்வோர் ஊராரும் இப்போதே விசாரித்துக்கொள்வது நன்று. ஏலம் கேட்டு முடிந்தபின் நிபந்தனை சேர்க்க முயன்றால் வழக்குக்கு இடமாகும். ஏல அறிக்கை தயாராகும்போதே வெடியைப் பற்றிய வரியும், அடிநீரைப் பற்றிய வரியும் அதில் இடம்பெறுமாறு கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சி மன்றத் தலைவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பா அறுவடைக்கு முன்னரே எந்தத் தாக்குகளைத் தாளாக விடுவது என்பதையும் பட்டாதாரர்கள் கூடிப் பேசி, ஊர்ப்பொதுவில் சொல்லிவைக்க வேண்டும்.